ஓட்டுநர் வேறு, பாகன் வேறு

ஒரு நாட்டு மக்களின் பண்பாட்டை அறிய அவர்தம் மேடைகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. அவர்தம் சாலையோரத்தில் ஒரு நாழிகை நின்றால் போதும். மேடையில் பேசுகிறவர் தம்மைப் பலர் அறிவர் என்னும் நினைவோடு பேசுகிறார். சாலையில் ஓட்டுகிறவரோ தம்மை எவரும் அறியார் என்னும் துணிவோடு ஓட்டுகிறார். ஆகவே மேடையில் மறைந்து கிடக்கும் குணம் சாலையில் வெளிப்பட்டுவிடுகிறது. அந்தக் குணத்தை இன்னும் நுட்பமாக அளந்து பார்க்க ஓர் அளவுகோலும் உண்டு. பொதுச்சாலையில் குதிரைகளை ஏற்றிச் செல்லும் லோரியே அது.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அத்தகைய லோரியைக் கண்டவர் பலர். உயரமான பெட்டி, பக்கங்களில் காற்றுக்காக விடப்பட்ட சிறு சாளரங்கள், உள்ளே, நெடுவழி முழுதும் நின்றபடியே செல்லும் குதிரைகள். ஓட்டுநர் சட்டம் அனுமதித்த வேகத்தில்தான் செல்கிறார். பின்னால் வரும் காரோட்டிக்குப் பொறுமை இல்லை. ஒலிப்பானை அழுத்துகிறார், முந்துகிறார், முந்திய அந்தக் கணமே லோரியின் முகத்துக்கு முன்னால் நுழைகிறார். லோரி ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். எவரும் சாகவில்லை. தகடு எதுவும் நசுங்கவில்லை. காவல் நிலையக் குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை. ஆனால், பெட்டிக்குள் ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஓர் உயிர் முன்தடுப்பில் மோதி, முழங்கால் தோலுரிந்து, வியர்த்து நடுங்கி நிற்கிறது. யாருடைய கண்ணுக்கும் படாத அந்தக் குற்றத்துக்கு யார் பொறுப்பு? கேட்க வேண்டிய கேள்வி இதுவே. கேட்கப்படாத கேள்வியும் இதுவே.

பயணம் முடியவில்லை

குதிரைகள் ஊர் விட்டு ஊர் செல்வது இந்நாடுகளுக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் 1842-ஆம் ஆண்டு தோன்றிய பந்தய மன்றம் முதலில் ஃபேரர் பார்க் திடலிலும், 1933 முதல் புக்கிட் தீமாவிலும், அதன் பின்னர் கிராஞ்சியிலும் பந்தயங்களை நடத்திற்று. பினாங்கு மன்றம் 1864-இல் தோன்றியது. கோலாலம்பூரும் ஈப்போவும் இவ்வரிசையில் சேர்ந்துகொண்டன. ஒரு வாரம் ஓரூர், மறுவாரம் வேறூர் என்று பந்தயங்கள் சுற்றி வந்தமையால் குதிரைகளும் அவற்றோடு சுற்றின.

2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 2025 மே மாதத்தில் பினாங்கும் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. திடல் மூடப்பட்டால் சிக்கலும் மூடப்பட்டது என்று எண்ணுவோர் உளர். அது பிழை. திடல் மூடப்படும்போது குதிரைக்கு இலாயம் இல்லாமற் போகிறது. இலாயம் இழந்த குதிரை வேறோர் ஊருக்கு ஏற்றப்படுகிறது. கிராஞ்சியில் நின்ற குதிரைகளுள் பல அவ்வாறே நீரிணை கடந்து மலேசியா வந்தன. பந்தயக் குதிரைகள் மட்டுமா? குதிரையேற்றப் பயிற்சிக் கூடங்களின் குதிரைகள் உண்டு. காவல் துறையின் குதிரைகள் உண்டு. ஓட்டம் முடிந்து ஓய்வு தேடிச் செல்லும் முதிய குதிரைகள் உண்டு. இவை யாவும் பள்ளிப் பேருந்தும் பால்மரத் தோட்டத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளும் செல்லும் அதே சாலையில்தான் செல்கின்றன.

சட்டத்துக்குள் நின்ற குற்றம்

“உரிமம் இருக்கிறது, வேகவரம்பு மீறப்படவில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை, பின் என்ன குற்றம்?” என்று கேட்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. சட்டத்துக்குள் நின்றதையே அறம் என்று கொள்வோரின் கூற்று இது.

சட்டம் சும்மா இருக்கிறது என்று கூறிவிட முடியாது. தேவையற்ற துன்பம் உண்டாகும் வகையில் ஒரு விலங்கை ஏற்றிச் செல்வது, மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றமாகும். அதற்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 1,00,000 வெள்ளிக்கு மேற்படாமலும் தண்டம் விதிக்கலாம். மூன்றாண்டு வரை சிறையிலும் இடலாம். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். கடுமையான சட்டந்தான். ஆயினும் சட்டம் காயத்தைக் கண்ட பின்னரே வருகிறது. வளைவு நெருங்கும்போது ஓட்டுநரின் வலக்காலுக்கு அருகே அது அமர்ந்திருப்பதில்லை. சாலையோரத்துப் பலகையில் எழுதப்பட்ட எண், அவ்விடத்தில் எந்த வாகனமும் தாண்டக் கூடாத எல்லை. ஒவ்வொரு வாகனமும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அன்று. இரும்புக் குழாய்களை ஏற்றியவருக்கும் இளங்குதிரையை ஏற்றியவருக்கும் பலகை ஒரே எண்ணைத்தான் காட்டும். வேறுபாட்டை அறிய வேண்டியது ஓட்டுகிறவரின் நெஞ்சம்.

தமிழரின் நினைவில் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு சாலை விபத்து வாழ்ந்து வருகிறது. அரசிளங்குமரன் வீதியில் தேர் ஊர்ந்து சென்றான். துள்ளி வந்த ஆன்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. திருவாரூர்ச் சோழன் கதையை அறியாத தமிழ் மாணாக்கன் இல்லை. ஆனால் அக்கதையில் அமைச்சர்களின் பங்கைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. கன்று அறியாமல் வந்து விழுந்தது. இதற்கு நூல்களில் கழுவாய் உண்டு. அதைச் செய்தால் போதும் என்பது அவர்தம் வழக்கு. இன்று “சட்டத்தை மீறவில்லையே” என்று கேட்பவர் அந்த அமைச்சர்களின் வழித்தோன்றலே ஆவார். மன்னன் அதனை ஏற்கவில்லை. மகனுக்கு அவன் விதித்த தண்டனையை இக்காலத்தவர் ஏற்க வேண்டியதில்லை, ஏற்கவும் ஒண்ணாது. ஆனால் அவன் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. தேரின் வன்மையை அறிந்தவன் தேரோட்டி, அறியாதது கன்று. அறிந்தவனே அறியாததற்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அக்கேள்வியின் உட்கிடை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பள்ளிப் பேருந்தில் இடமின்றி நின்றுகொண்டு செல்லும் மாணாக்கனுக்கு ஒன்று நன்கு தெரியும். பேருந்து வளைவில் திரும்பும்போது உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பிரேக் போடும்போது முன்னே பாய்கிறது. அவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. வளைவு வருவதைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. குதிரைக்கு இரண்டும் இல்லை. கைகளற்ற அவ்வுயிர் நான்கு கால்களையும் அகட்டி வைத்து, வரப்போவது எதுவென்றே அறியாமல், வந்தபின் தாங்கிக்கொள்கிறது. நூறு கல் தொலைவு செல்லும் குதிரை நூறு கல் தொலைவும் உழைக்கிறது. அது பயணியன்று, பயணம் முழுதும் ஓயாத தொழிலாளி.

எட்டாம் வகுப்பு மாணாக்கனும் போடத்தக்க கணக்கு ஒன்று உண்டு. 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 500 கிலோ எடையுள்ள குதிரை நிற்கும் லோரி திரும்புவதாகக் கொள்க. சாலையின் சாய்வைக் கணக்கில் சேர்க்காவிடின், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அக்குதிரையைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல் தோன்றும் விசை ஏறத்தாழ 31 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறுவன் சாய்ந்து தள்ளுவது போன்றது அது, குதிரை தாங்கிக்கொள்ளும். வேகம் 80 ஆனால் விசை இரு மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். அன்று, நான்கு மடங்காகிறது. ஏறத்தாழ 126 கிலோ எடை திடுமென வந்து விலாவில் சாய்கிறது. இரு பெரிய ஆடவர் சேர்ந்து மோதியதற்கு ஒப்பு. வண்டியை நிறுத்தப் பிடிக்கும் தொலைவுக்கும் இதே விதிதான். வேகம் இரட்டித்தால் பிரேக்கின்பின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். இது அரசாங்கம் இயற்றிய சட்டமன்று. எந்த வழக்கறிஞராலும் வாதாடித் தளர்த்த முடியாத இயற்கைச் சட்டம்.

கோப்பேங்குக்கு அருகே குவா தெம்புரோங் மலைச்சரிவையும், ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சரிவையும் அறிந்தோர் இக்கணக்கின் பொருளை எளிதில் உணர்வர். அங்கே இறக்கமும் வளைவும் ஒன்று சேர்கின்றன. காரில் அமர்ந்திருப்பவருக்கு அது இனிய காட்சி. பெட்டிக்குள் நிற்கும் குதிரைக்கோ அது காணாத கையொன்று மாறி மாறித் தள்ளும் சோதனை.

மூச்சின் கதை இன்னொன்று. குதிரை வாயால் மூச்சு விடுவதில்லை. மூக்கால் மட்டுமே விடும். மேய்கையில் தலையைத் தாழ்த்தி மூச்சுக் குழலில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்றுவது அதன் உடலமைப்பு. தலையை உயர்த்திக் குறுங்கயிற்றால் இறுகக் கட்டி நெடுந்தொலைவு கொண்டுசென்றால் அவை உள்ளேயே தங்கி நுரையீரல் அழற்சிக்கு வழி செய்கின்றன. நெடும்பயணத்துக்குப் பின் குதிரைகளைப் பற்றும் காய்ச்சலைக் கால்நடை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். வெப்பநாட்டு வெயிலோ துன்பத்தைப் பெருக்குகிறது. ஓடும் வண்டியில் காற்றாவது நுழையும். ஓட்டுநர் தேநீர் அருந்தச் சென்ற நேரத்தில் நிழலற்ற வெளியில் நிற்கும் பெட்டி, குதிரைகளின் உடற்சூட்டாலும் வெயிலாலும் அடுப்பாகிவிடுகிறது. உள்ளிருப்பது கதவைத் தட்டத் தெரியாத உயிர்.

சைஸ் என்னும் சொல்

மலாயாவில் ‘சைஸ்’ என்றொரு சொல் வழங்கிற்று. குதிரையைப் பேணுபவரும் சைஸ். குதிரை பூட்டிய வண்டியை ஓட்டுபவரும் சைஸ். மோட்டார் கார் வந்த பின்னரும் சில காலம் காரோட்டியையும் அப்பெயராலேயே அழைத்தனர். தமிழில் ‘பாகன்’ என்னும் சொல்லும் அத்தகையதே. தேரைச் செலுத்துபவன் பாகன். யானையைக் குளிப்பாட்டி உணவூட்டிப் பேணுபவனும் பாகன். பேணுகிறவனே செலுத்த வேண்டும். செலுத்துகிறவன் பேணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று முன்னோர் கருதினர் போலும். ஆதலின் இரு தொழிலுக்கும் ஒரு சொல்லே போதுமானதாயிற்று.

அந்தச் சொல் இன்று இரண்டாக உடைந்து கிடக்கிறது. பேணுபவர் பெட்டிக்குப் பின்னால். செலுத்துபவர் பெட்டிக்கு முன்னால். இடையே இரும்புச் சுவர். குதிரை நடுங்குவது பேணுபவருக்குத் தெரியும். அவர் கையில் பிரேக் இல்லை. பிரேக் உள்ளவருக்குக் குதிரை நடுங்குவது தெரியாது. லோரி உரிமத் தேர்வில் பின்னோக்கிச் செலுத்தும் திறமை சோதிக்கப்படுகிறது. பின்னே நிற்கும் உயிரை நினைக்கும் திறமை சோதிக்கப்படுவதில்லை. இன்று சாலையில் ஓட்டுநர் பலர் உளர், பாகன் இல்லை. இதுவே நோயின் வேர்.

மலாயாவின் பந்தய இலாயங்களில் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, குளம்பு துடைத்து, விடியற்காலையில் நடத்திச் சென்றவருள் தமிழர் பலர் இருந்தனர். குதிரையின் உடைமையாளர் பெயர் செய்தித்தாளில் வந்தது. குதிரைமேல் அமர்ந்தவர் படம் வந்தது. அதன் காய்ச்சலுக்குக் கண்விழித்தவர் பெயர் எங்கும் வரவில்லை. குதிரையோடு இரவுப்பயணம் செய்தவரும் அவரே. ஆகவே, குதிரை லோரியைப் பற்றிய பேச்சு செல்வர் வீட்டுப் பேச்சு என்று ஒதுக்குவோர், அந்த லோரிக்குள் அமர்ந்து சென்ற ஏழைத் தமிழனையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.

பழம்பெருமை பேசித் தப்பித்துக்கொள்ளவும் தமிழருக்கு இடமில்லை. பூம்புகார்த் துறையில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது என்று மார்தட்டுவோர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ எழுதி வைத்ததையும் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளுள் ஆண்டிறுதியில் எஞ்சியவை மிகச் சிலவே என்றும், அவற்றைப் பேணும் முறை அறியாமையே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதினார். விலை கொடுக்கத் தெரிந்தது, பேணத் தெரியவில்லை. ஏழு நூற்றாண்டு கடந்தும் அந்தப் பழி முற்றும் துடைக்கப்படவில்லை.

மறுப்புரைகளும் விடைகளும்

“குதிரைப் பந்தயம் சூது. எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களின் சம்பளப் பணத்தை விழுங்கியது. அதற்காகவா இரங்குவது?” என்பர் சிலர். சூதைக் கண்டிப்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. தோட்டத்துச் சம்பள நாளும் பந்தய நாளும் அடுத்தடுத்து வந்தபோது வாடிய அடுப்படிகள் எத்தனை என்பதை அக்காலத்துத் தாய்மார் அறிவர். ஆனால் பந்தயம் கட்டியது குதிரை அன்று. மனிதன் செய்த பிழைக்கு விலங்கின் முதுகில் தண்டனை எழுதுவது எந்த அறத்திலும் சேராது.

“மனிதரே சாலையில் மடிகின்றனர், குதிரைக்கு என்ன அவசரம்?” என்பது இரண்டாம் மறுப்பு. இது கனமானது, எள்ளி ஒதுக்கத் தக்கதன்று. மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் மாண்டனர். 2019-இல் 6,167 பேர். இந்த எண்களுக்கு முன் எவரும் தலைகுனிய வேண்டும். ஆயினும், அவர்களை வீழ்த்திய பழக்கம் எது? முன்செல்லும் வண்டியை ஒட்டிச் செல்வது, இடைவெளி கண்ட இடத்தில் நுழைவது, வளைவில் விரைவது, களைப்போடு ஓட்டுவது ஆகிய அதே பழக்கங்கள்தாம். குதிரை லோரிக்குப் பின்னே பொறுமையாகச் செல்லக் கற்றவர், பள்ளிப் பேருந்துக்குப் பின்னே பொறுமை இழக்கமாட்டார். அன்றியும், கவிழ்ந்த லோரியிலிருந்து மிரண்டு வெளிப்பட்ட குதிரை நெடுஞ்சாலையில் ஓடினால் என்னாகும்? கார் அதன் கால்களில் மோதும். அதன் பேருடல் முன்கண்ணாடியின் மீதே வந்து விழும். அங்கே மாள்வது குதிரை மட்டுமன்று. குதிரையைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் அந்த இடத்தில் ஒரே செயலாகிவிடுகின்றன.

“விலையுயர்ந்த குதிரையை யார்தாம் கவனமின்றி ஏற்றிச் செல்வர்? அவரவர் பணத்தை அவரவர் காத்துக்கொள்வர்” என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே எல்லாவற்றிலும் பொல்லாதது. விலையால் வரும் பரிவு விலையோடு போய்விடும். வெற்றி பெறும் குதிரை மெத்தை தைத்த தடுப்புகளுக்கிடையே செல்லும். கால் ஒடிந்து மதிப்பிழந்த குதிரை? ஓய்வு பெற்ற கிழக்குதிரை? விழாக்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி ஏற்றப்படும் ஆடுமாடுகள்? விலைச்சீட்டைப் பார்த்து வேகத்தைக் குறைப்பவர் காப்பது பணத்தை; உயிரை அன்று. உயிருக்காகக் குறைப்பவரே பாகன் எனப்படத் தக்கவர்.

செய்ய வேண்டுவன

குதிரையை ஏற்றிச் செல்பவர் புறப்படுமுன் தரையைப் பார்க்க வேண்டும். வழுக்காத இரப்பர் விரிப்பு உண்டா, பலகை உளுத்திருக்கிறதா, சக்கரங்களில் காற்றும் பிரேக்கும் சரியா என்று அறிய வேண்டும். குதிரை காலை அகட்டி நிற்க இடம் வேண்டும். தலையைத் தாழ்த்தக் கயிற்றில் நீளம் வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை மிதிப்பவர் அரைகுறை ஓட்டுநர். வளைவு வருமுன்னரே வேகத்தை உதிர்ப்பவர் தேர்ந்தவர். புறப்படுகையில் மெல்லப் புறப்பட்டு, நிற்கையில் மெல்ல நிற்க வேண்டும். முன்வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே பிறர் விடுவதினும் இரட்டிப்பு இடம் விட வேண்டும். முன்தட்டில் நிறைகுவளை நீரை வைத்தால் சிந்தாத அளவுக்கு ஓட்டுவது நல்ல அளவுகோல். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, நீர் காட்டி, நிலைமையைப் பார்க்க வேண்டும். வண்டி பழுதடைந்தால், தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி, நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரைகளை இறக்கவே கூடாது.

பரிவு ஒருபக்கத்து வழியன்று. பழைய ஒற்றைத்தடச் சாலையில் மெதுவாகச் செல்லும் லோரிக்குப் பின்னால் பத்து வண்டிகள் தேங்கி நின்றால், இடம் கண்டு ஒதுங்கி அவற்றுக்கு வழிவிடுவது குதிரை லோரி ஓட்டுநரின் கடமை. “உயிரை ஏற்றியிருக்கிறேன்” என்பது பிறரை வாட்டுவதற்கு உரிமச்சீட்டு ஆகாது. பின்னால் நிற்பவருள் மருத்துவமனைக்கு விரைபவரும் இருக்கலாம்.

பிற ஓட்டிகளின் கடமை அதனினும் எளிது. லோரிக்கு முன்னே காணப்படும் இடைவெளி காலி மனையன்று. அது குதிரைக்காக விடப்பட்ட உயிர்வெளி. அங்கே நுழைபவர் பிறர் வீட்டுக் கூடத்தில் நுழைந்தவர் ஆவார். முந்துகிறவர் முழுமையாக முந்தி, நெடுந்தொலைவு சென்ற பின்னரே தடம் மாற வேண்டும். அருகில் செல்லும்போது ஒலிப்பானை அழுத்துவதும், மோட்டார் சைக்கிளை உறுமவிடுவதும் கூடா. சுவருக்கு அப்பால் எழும் பேரொலி எதுவென்று குதிரைக்குத் தெரியாது. ஓடித் தப்புவதையே தற்காப்பாகக் கொண்ட அவ்விலங்குக்கு ஓட இடமும் கிடையாது.

இதைச் சொல்ல மேலைநாட்டு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். வினை முடித்துக் காதலியைக் காணத் தேரில் விரைந்து வருகின்றான் அவன். வழியெங்கும் பூத்த சோலைகள். தேன் உண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஒலி கேட்டு வெருளுமே என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவனுக்கும் அவசரம் இருந்தது, காத்திருப்பவளும் இருந்தாள். ஆனாலும் தன் அவசரத்துக்கு வண்டினத்தை இரையாக்க அவன் இசையவில்லை. அப்பாட்டுக்குப் பதவுரை எழுதி நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற்றவர், அன்று மாலையே குதிரை லோரியின் அருகில் ஒலிப்பானை அழுத்துவாராயின், அவர் படித்தது பாட்டை அன்று, பதவுரையை மட்டுமே.

மூன்றாவதாகப் பொறுப்பேற்க வேண்டியோர் உடைமையாளரும் போக்குவரத்து முதலாளிகளும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, ‘மெதுவாகச் செல்’ என்று அறிவுரை கூறுவது கேலிக்கூத்து. நாளுக்கு மூன்று நடை ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்னும் நிலையில் ஓட்டுநரை வைத்துவிட்டு, அவர் காலடியில் அறத்தை எதிர்பார்ப்பது நேர்மையாகாது. குதிரை ஏற்றும் ஓட்டுநருக்கு நேரத்துக்கான ஊதியம் வேண்டும், தனிப்பயிற்சி வேண்டும், அப்பயிற்சியில் ஒரு நாளாவது இலாயத்தில் குதிரையோடு பழகுதல் வேண்டும். ஓடும் வண்டியின் பெட்டிக்குள் ஆள் பயணம் செய்ய நேருமாயின், அவர் பாதுகாப்பாக அமரத் தனி அறையும் ஓட்டுநருக்கு உடனே செய்தி சொல்ல மணியும் வேண்டும். உடைந்த ‘சைஸ்’ என்னும் சொல்லை ஒட்டவைக்கும் வழி இதுவே.

வகுப்பறையின் பங்கு

இவற்றுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் ஆசிரியர் இருக்கலாம். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவன் பத்தாண்டில் உரிமம் பெறுவான். ஓட்டக் கற்பிப்பவர் அவனுக்குப் பல்சக்கரம் மாற்றக் கற்பிப்பார். மனம் மாற்றக் கற்பிக்கமாட்டார். அது வகுப்பறையின் வேலை. அறிவியல் ஆசிரியர் வளைவின் கணக்கை வெறும் எழுத்துக்குறிகளாக எழுதிப் போடாமல், அந்தப் பெட்டிக்குள் ஒரு குதிரையை நிற்க வைத்துக் கற்பிக்கட்டும். தமிழாசிரியர் தேர்மணியின் நாவைக் கட்டியவன் கதையை ஒலிப்பானோடு சேர்த்துக் கற்பிக்கட்டும். நன்னெறி ஆசிரியர் சோழன் கதையை முடிக்கும்போது, அமைச்சர்கள் சொன்ன சாக்கை இன்று யார் யார் சொல்கிறார்கள் என்று மாணாக்கரையே கேட்கட்டும். மூன்று பாடங்களும் சேர்ந்தால் ஒரு பாகன் உருவாவான்.

ஆராய்ச்சி மணியை அடிக்க அந்தத் தாய்ப்பசுவுக்கு ஒரு கயிறாவது எட்டிற்று. பூட்டிய பெட்டிக்குள் நிற்கும் குதிரைக்கு எட்டும் கயிறு எதுவும் இல்லை. ஆகவே அது அடிக்காத மணியின் ஒலியைக் கேட்கத் தெரிந்தவரே சாலையில் வண்டி செலுத்தத் தகுந்தவர். ஏனையோர் கையில் இருப்பது உரிமம் மட்டுமே, தகுதி அன்று.